மாடித் தோட்டத்துக்காரி

இங்கன ஆள் வாராவளா தாயி? இல்லன்னா நான் உக்காந்துக்கிடுதேன். சன்னல் பக்கம் நீயே இருந்துக்கோ, எனக்குக் காத்து ஆகாது. இந்தப் பைய மட்டும் நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சுக்கிடுவோம். கீழ வைக்கக் கூடாதாம், நசுங்கிருமாம். உத்தரவு போட்டு அனுப்பியிருக்கா.

யாரா? எம் மருமவதான். பஸ்ஸு பக்கத்துல நின்னு, கண்ணத் தொடச்சுக்கிட்டே பையக் குடுத்தாளே, பாத்தேல்லா? மஞ்சச் சுடிதாரு. பேரு ரேணுகா. ஈரோட்டுப் பக்கம். எம் மவன் நயினாரு கூட வேலை பாத்தா, அப்படியே கூட்டிட்டு வந்துட்டான். இப்பம் ரெண்டு பேரும் தென்காசியில எங்க வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல வேலை பாக்காவ. ஆளு லட்சணமாத்தான் இருப்பா, அதுல நான் பொய் சொல்லமாட்டேன். ஆனா சமையலுன்னு வந்துட்டா அவளுக்குத் தெரிஞ்சது இலை ஒண்ணுதான். காலையில ஒரு இலை, மத்தியானம் ஒரு இலை, சாயங்காலம் ஒரு இலை. நான் மருமவ எடுத்தனா வெள்ளாடு வாங்குனனான்னு எனக்கே சந்தேகம் வந்துரும்.

என்ன, வாசம் வருதா? இந்தப் பையில இருந்தா? சும்மா இரு தாயி. ஓந்தலையில பூ வச்சிருக்கேல்லா, அதாயிருக்கும். பையில இருக்கது அவ மாடித் தோட்டத்து இலை நாலு பொட்டலம். அதுல ஒரு மண்ணும் மணக்காது. எட்டு மாசமா நான் பாக்காததா?

நீ எந்தூரு? மதுரையா. வேலைதான் திருநெல்வேலியிலயா. அப்பம் ஒனக்கு என்னத் தெரியாது. தென்காசியில எங்க தெருவுல வந்து சொதி ஆவுடையம்மா வீடு எதுன்னு கேளு, நாய் கூட வழி காட்டும். சொதி தெரியும்லா? தேங்காப்பாலுல பாசிப்பருப்பும் காயும் போட்டு வைக்கிற கொழம்பு. கல்யாணம் முடிஞ்சு மாப்பிள்ளை வீட்டுக்காரவ பொண்ணு வீட்டுக்கு மறுவீட்டுக்கு வந்தாவன்னா எங்க ஆளுகள்ல சொதிதான் போடணும். கூட இஞ்சித் தொவையல். எங்க சொந்தத்துல எந்த மறுவீடா இருந்தாலும் சொதிக்கு என்னத்தான் கூப்பிடுவாவ.

அதுலயும் ஒண்ணு கேட்டுக்கோ. நான் ருசி பாத்துச் சமைச்சதே கிடையாது. எங்க வீட்டுல வெளக்கு முன்னால ஒரு இலை போட்டு, சாமிக்குக் காட்டுன பொறவுதான் மனுஷனுக்கு. அதுக்கு முன்னால கரண்டிய நாக்குல வச்சா எச்சில். அப்பம் உப்பு ஒறப்பு எப்படித் தெரியும்னு கேப்ப. மூக்குதான். கொதி வரும்போது அந்த ஆவியில மூக்கக் காட்டுனாப் போதும், உப்பு பத்தலன்னா பத்தலன்னு சொல்லிரும். முப்பத்தி நாலு வருஷமா ஒரு கல்லு உப்பு கூடுனதும் இல்ல, கொறஞ்சதும் இல்ல. இந்தக் காலத்துப் பிள்ளைய கொதிக்கிற சட்டிக்குள்ள நாலு தடவை கரண்டிய விட்டு விட்டு நக்குதுவ. அதுக்குப் பேரு சமையலாம்.

இந்தப் பங்குனியில எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. பத்து நாளு தலை தூக்க முடியல. அந்த நேரம் பாத்து உலகுன்னு எனக்கு ஒரு மவ, அவளுக்குத் தூத்துக்குடியில பிரசவம். எனக்கு முடியலன்னு அங்கயே அவ மாமியாரு பாத்துக்கிட்டாவ. பேத்தி பொறந்தா. நானும் எந்திரிச்சுட்டேன். எனக்குச் சரியாப் போச்சு. ஆனா நான் படுத்துக் கெடந்த பத்து நாளுல ஊரு கெட்டுப் போச்சு தாயி.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்லுதேன். சந்தைக்குப் போறேன், மல்லித்தழை மணக்கல. கட்டுக் கட்டா எடுத்து மோந்து பாக்கேன், வெறும் புல்லு. கீரைக்காரிகிட்ட, என்னளா ஒரம் போட்டு வளத்து ஊரை ஏமாத்துதியளான்னு கேட்டேன். அவ என்னையே ஒரு மாதிரிப் பாக்கா. இஞ்சி வாங்குனேன், மணக்கல. பெருங்காயம் மூணு கடை மாத்துனேன். மூணும் கலப்படம், கோந்தக் கட்டி விக்கானுவ. அதுக்காகக் கொழம்ப சப்புன்னு எறக்க முடியுமா? ஒரு சிட்டிகை போடுத எடத்துல ஒரு கரண்டி போட்டேன். அப்பவும் கொதியில ஒண்ணும் தெரியல.

எங்க வீட்டுல அவுக தபாலாபீசுல இருந்து ரிட்டயர்டு ஆனவுக. என் கையால சாப்பிட்டே வயிறு வளத்த மனுஷன். திடீர்னு ஒரு நாளு சாம்பாரத் தொட்டு வாயில வச்சாவ, அப்படியே வச்சுட்டாவ. "ஆவுடை, வயசாச்சுலா, எனக்கு இனிமே மோர்ச்சோறு போதும்"ன்னாவ. அன்னையில இருந்து மத்தியானம் மோர்ச்சோறு, ஊறுகா. அறுபத்திரெண்டு ஒரு வயசா? நாக்குச் செத்துப் போச்சு மனுஷனுக்கு.

இந்த மருமவ பாத்தா. எனக்குச் சமாதானம் சொல்லுதாளாம். "அத்தை, கடையில வர்றதுல வாசமே இல்லைன்னு சொல்றீங்கள்ல, நாமளே மாடியில வளத்திப் பாக்கலாமுங்க. பறிச்ச ஒடனே மோந்தா தெரியுமுங்க"ன்னா. எல்லாத்துக்கும் ஒரு 'ங்க' போடுவா, பெரிய மரியாதைக்காரி. பழைய பெயிண்ட் டப்பா, தெர்மாகோல் பெட்டி, ஒடஞ்ச வாளி, எல்லாத்தையும் மாடிக்குத் தூக்கிட்டுப் போனா. மொதல்ல வச்சது புதினா. புதினா வளக்கதுக்கு ஒரு தோட்டமா? கிள்ளுன காம்பத் தூக்கி எறிஞ்சா சாக்கடை வாறுகாலுல கூட வளரும்.

சித்திரை வெயிலுல புதினாத் தொவையலு, புதினா மோரு, புதினா போட்ட எலுமிச்சம்பழத் தண்ணி. நானும் ஒரு வாய் வச்சுப் பாத்தேன். வாய் குளுந்துச்சு, அவ்வளவுதான். ஐஸு கட்டிய வச்சாலும் குளுரத்தான் செய்யும். தொவையலுல புளி வேற ஒரு பங்கு கூட. ஆனா வயசாச்சு, மோர்ச்சோறு போதும்னு சொன்னாவளே எங்க வீட்டுக்காரவ, அவுக அந்தத் தொவையலத் தொட்டு ஒம்பது இட்லி தின்னாவ. நான் எண்ணுனேன். மருமவ சமையலப் புகழ்ந்தாத்தான கடைசி காலத்துல கஞ்சி ஊத்துவா. கணக்குப் போடுத ஆம்பள.

ஆனி பொறந்து சாரல் விழுந்துச்சு. குத்தாலத்துல தண்ணி விழும்போது தென்காசியில நிக்கணும் தாயி, அப்படி ஒரு காத்து. நம்ம ஆளு அப்பம் கற்பூரவல்லி இலையப் பறிச்சு கடலமாவுல முக்கி பஜ்ஜி போட்டா. நீளமா கொடி மொளகா போடுவான், வாழக்கா போடுவான், இலையப் போயி எவனாவது பஜ்ஜி போடுவானா? சொர சொரன்னு ஒரு இலை. எண்ணெயும் மாவும் தெரிஞ்சுது, வேற ஒண்ணும் தெரியல. பக்கத்து வீட்டுக்காரி சொவரு மேல எக்கிப் பாத்து, "என்ன ரேணுகா, தெருவே மணக்கு"ங்கா. ஓசிப் பஜ்ஜிக்கு என்னவெல்லாம் பேசுவாளுவ.

இதுவரைக்கும் கூட நான் பொறுத்துக்கிட்டேன். அதுக்குப் பொறவு பரீட்சை வைக்க ஆரம்பிச்சாளே, அதத்தான் என்னால தாங்க முடியல.

தெனம் காலையில, நான் காப்பி குடிச்சு முடிச்ச ஒடனே, ஒரு தட்டுல நாலு இலை எடுத்துட்டு வருவா. "அத்தை, கண்ண மூடிக்குங்க. இது என்ன இலைன்னு சொல்லுங்க பாக்கலாமுங்க." ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கு வைக்க மாதிரி. எனக்கா தெரியாது? கண்ண மூடிக்கிட்டு கைய நீட்டுவேன். விரலு பட்ட ஒடனே சொல்லிருவேன். சொணையா மெத்துன்னு இருந்தாக் கற்பூரவல்லி. சுருக்கம் சுருக்கமா இருந்தாப் புதினா. முள்ளு குத்துச்சுன்னாத் தூதுவளை. துளசிக்குக் காம்பு. நாலுக்கு நாலு! ஒரு நாளு கூடத் தப்பல. அவ மூஞ்சியப் பாக்கணுமே, தோத்துப் போன மூஞ்சி. பொறவு என்ன சொல்லுதா தெரியுமா? "தொடாமச் சொல்லுங்கத்தை." தொடாம எப்படிளா சொல்ல முடியும், நான் என்ன சோசியக்காரியான்னு கேட்டேன். தட்ட எடுத்துட்டுப் போயிட்டா. மறுநாளு மறுபடியும் வாரா. மானம் ரோசம் இருக்கவ வருவாளா?

அப்புறம் ஒரு நாளு மெதுவா அடி போடுதா. திருநெல்வேலியில காது மூக்கு தொண்டைக்கு ஒரு டாக்டரு இருக்காராம், அவ போயி விசாரிச்சுட்டே வந்துட்டாளாம், ஒரு தடவை காட்டிட்டு வந்துரலாமாம். இந்த இலைய மோக்க வைக்கதும் அந்த டாக்டரு சொல்லித்தானாம். எம் மூக்குல என்னளா கொறைன்னு கேட்டேன். இந்தா பாத்தியா, மூக்குத்தி? வைரம். எங்க அம்மை எனக்குப் போட்டது. கல்யாணத்தன்னைக்குப் போட்டது, இன்னைக்கு வரைக்கும் நான் கழத்துனதில்ல. ஆஸ்பத்திரின்னா மூக்குத்தியக் கழத்தச் சொல்லுவான். கழத்துனா யாரு கையில குடுக்கணும்? பக்கத்துல நிக்கிற மருமவ கையில. எனக்கா புரியாது?

பாவூர்ச்சத்திரம் வந்துட்டா? என்னா கூட்டம். பைய நசுக்கிராதியப்பா. இலைதான், ஆனா குடுத்த பை குடுத்த மாதிரி இருக்கட்டும்.

ஆவணியில எங்க கொழுந்தனாரு மவளுக்குக் கல்யாணம். மறுவீட்டுச் சாப்பாடு எங்க வீட்டுலதான், இருபத்தஞ்சு பேரு. சொதி யாரு வைப்பா? நாந்தான். விடியக்காலம் நாலு மணிக்கே எந்திரிச்சு பதினாலு தேங்கா ஒடைச்சு, துருவி, பாலு எடுத்து, தலைப்பாலு தனியா ரெண்டாம் பாலு தனியா மூடி வச்சுட்டேன். குளிச்சு, வெளக்கேத்தி, காய் நறுக்கி, பத்து மணிக்கு மேலதான் அடுப்புல ஏத்துனேன். அன்னைக்குன்னு பாத்து சாரலு இல்ல, சுள்ளுன்னு வெயிலு. சொதி நுரை கட்டி வந்துச்சு. மூக்கக் காட்டுனேன். எனக்குக் கொறை ஒண்ணும் தெரியல. கொழுந்தனாரு பொண்டாட்டி வந்து எட்டிப் பாத்துட்டு மூக்கச் சுழிச்சுக்கிட்டுப் போனா. பொறாமை. அவ சொதி திரிஞ்சு போகும், ஊருக்கே தெரியும்.

அப்பம் மாடியில இருந்து எறங்கி வாரா நம்ம ஆளு. அடுக்களை நிலையில நின்னா. "அத்தை, பாலு எப்பங்க எடுத்தது?"ன்னு கேட்டா. ஒனக்கு என்னளா அது, போயி இலை போடுன்னேன். கிட்ட வந்தா. "நான் எறக்கி வெக்கறேனுங்க"ன்னு துணியப் புடிச்சுச் சட்டியத் தூக்குனா. தூக்குனவ பாத்திரம் கழுவுத தொட்டி வரைக்கும் போயி, அப்படியே சாய்ச்சுட்டா தாயி! ஒரு கரண்டி மிச்சமில்ல. பதினாலு தேங்கா! "ஐயோ, கை வழுக்கிருச்சுங்க அத்தை"ங்கா. வழுக்குன மாதிரியா இருந்துச்சு? நான் பாத்துக்கிட்டுத்தான நிக்கேன். வேணுமின்னே ஊத்துனா. நான் கத்துன கத்துல மாப்பிள்ளை வீட்டுக்காரவ எல்லாம் எட்டிப் பாத்தாவ. எல்லார் முன்னாலயும் கையில எலும்பு இல்லாத மூதின்னு ஏசுனேன். தலையக் குனிஞ்சுக்கிட்டே நின்னா. "ஆமாங்க, எந்தப்புத்தான்"ன்னா.

ஆனா எப்படி ஏற்பாடு பண்ணியிருக்கா பாரு. ஒரு மணி நேரத்துல மாடியில இருந்து ஒரு சொளவு நிறைய இலை வந்துச்சு. மல்லித்தழையும் புதினாவும் பச்ச மொளகாயும் அரச்சு விட்டு, அவிச்ச கிழங்கையும் முருங்கக்காயையும் போட்டு, பச்சப் பசேல்னு ஒரு கொழம்பு. கற்பூரவல்லி போட்டு ஒரு தயிர்ப் பச்சடி. இஞ்சித் தொவையல் மட்டும் என்னுது. மறுவீட்டுக்குச் சொதி இல்லாமப் பச்சக் கொழம்பு ஊத்துன ஒரே வீடு எங்க வீடுதான். அந்த ஆளுகளும் நாக்கு இல்லாத ஆளுக, கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னாவ. மாப்பிள்ளைக்கு அம்மை போகும்போது கற்பூரவல்லிக் கொப்பு ஒண்ண ஒடிச்சு வாங்கிட்டுப் போறா. எஞ் சொதியத் தட்டி விட்டுட்டு அவ பேரு வாங்கிட்டா. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. ஏன்னு ஒருத்தரும் கேக்கல. அவதான் தட்டுல போட்டு எடுத்துட்டு வந்தா, நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்.

என்ன அப்படிப் பாக்க? நீ வச்ச கொழம்ப இப்படி எவளாவது தொட்டியில ஊத்துனாத் தெரியும்.

கேளு, இன்னும் இருக்கு. ஐப்பசி மழையில தூதுவளை ரசம், துளசித் தண்ணி. வீடு முழுக்க இருமலு, எல்லாரும் குடிச்சாவ. நானும் குடிச்சேன், சூடா இருந்துச்சு. அத விடு. இந்தத் திருக்கார்த்திகைக்கு நடந்தத எந்த வீட்டுலயும் நீ கேட்டிருக்க மாட்ட.

எங்க பக்கத்துல கார்த்திகைக்குப் பனங்குருத்தோலையில மாவ வச்சுக் கட்டி கொழுக்கட்ட அவிப்போம். ஓலை வேகும்போது வீடே மணக்கும். இவ என்ன செஞ்சா? அவ ஊருல மஞ்சள் வெளையுதுன்னு மாடியில மஞ்சளு வச்சிருக்கா. மஞ்ச இலையில கொழுக்கட்ட அவிச்சா வாசமா இருக்குமுங்கங்கா. எம் பூட்டன் காலத்துல இருந்து ஓலையில அவிச்ச வீட்டுல, இவ மஞ்ச இலையத் தூக்கிட்டு வாரா. நீ மாடியில போயி வெளக்கு வையி, கொழுக்கட்டய நான் பாத்துக்கிடுதேன்னு தொரத்தி விட்டுட்டேன். ஓலைக் கொழுக்கட்டய அடுப்புல ஏத்திட்டு நான் முன்பக்கம் வந்து வெளக்குல திரி போட்டுக்கிட்டு இருந்தேன். அவுகளும் நயினாரும் வாசலுல. இந்த வருஷம் ஓலையும் மணக்கல பாரு. எந்தக் கரிசக்காட்டுப் பனையோ.

கார்த்திகை அன்னைக்கு அடுக்களையிலயும் வெளக்கு வைக்கணும். ஏழு வெளக்க ஏத்தித் தட்டுல வச்சு ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வாரேன். அடுக்களை நிலையில ஒரு காலு வச்சுட்டேன். மாடிப்படியில இருந்து தட தடன்னு ஓடி வந்தா. வந்தவ என் முன்னால நின்னு, ஏழு வெளக்கையும் வாயால ஊதி அணைச்சா. பூ பூன்னு. திருக்கார்த்திகை வெளக்க! வீட்டுக்கு வந்த மருமவ! பத்தாததுக்கு என் கையப் புடிச்சு இழுத்து முத்தத்துல தள்ளுனா. "லைட்டப் போடாதீங்க, யாரும் உள்ள வராதீங்க"ன்னு கூப்பாடு. மூக்கப் பொத்திக்கிட்டு உள்ள ஓடுனா, சன்னல எல்லாம் படார் படார்னு தெறந்தா.

கேட்டா, கேஸாம். கொழுக்கட்டத் தண்ணி பொங்கி அடுப்பு அணைஞ்சு போச்சாம், கேஸு அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சாம். கேஸுன்னா நாத்தம் வரும்லா தாயி? எனக்கு ஒண்ணும் வரலயே! நான் வாசப்படியிலதான நின்னேன். கதை கட்டுததுக்கும் ஒரு அளவு வேண்டாமா? ஆனா எம் மவன் அவ பக்கம். எங்க வீட்டுல அவுக, முப்பத்தி நாலு வருஷமா என்னை ஒரு சொல்லு சொல்லாதவுக, "இனிமே நீ அடுப்பத் தொட வேண்டாம் ஆவுடை"ன்னுட்டாவ. அணைஞ்ச வெளக்கு தட்டோட முத்தத்துல கெடக்கு. அத எடுத்து ஏத்த ஒருத்தருக்கும் கையில்ல. எனக்கு அழுகையா வந்துச்சு தாயி. நான் அந்த வீட்டுல அடுக்களையத் தவுர என்னத்தக் கேட்டேன்?

அதான் கெளம்பிட்டேன். தூத்துக்குடிக்கு. உலகு திங்கக்கெழம வேலைக்குப் போறா. பேத்திக்கு எட்டு மாசம், தவழுதா. மூணாவது மாடி வீடு, கதவ அடைச்சா நானும் அவளுந்தான். அங்கயும் இவ போன் போட்டுச் சொல்லிட்டா போலுக்கு. உலகு என்ட்ட, "அம்மா, நான் சமைச்சு வச்சுட்டுப் போறேன், நீ அடுப்புப் பக்கம் போகாத"ங்கா. அவளையும் கைக்குள்ள போட்டுக்கிட்டா. உலகு ஆபீசுக்குப் போன பொறவு நான் அடுப்பப் பத்த வச்சா யாரு பாக்கப் போறா? பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சணும்லா? நான் கொண்டு போகணும்னு மருமவ ஒரு வெள்ளப் பெட்டி வேற வாங்கி வச்சிருந்தா, அடுக்களையில மாட்டுனா கேஸுக்குச் சத்தம் போடுமாம். அதக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு வந்துட்டேன். மனுஷ மூக்கு இருக்கும்போது பெட்டி எதுக்கு?

இந்தா, கண்டக்டரு வாரான். தூத்துக்குடி ஒண்ணு குடுப்பா. என்ன? புதினாவா? ஆமா, இந்தப் பையிலதான் இருக்கு. ஏன், இலைக்கும் டிக்கெட் எடுக்கணுமா?

கேட்டியா தாயி? முன்னால படியில நிக்கும்போதே மணந்துச்சாம், பிரியாணிக் கடைக்குள்ள வந்த மாதிரி இருக்காம். கிண்டலு. இந்த முன் சீட்டுப் பிள்ளையும் திரும்பித் திரும்பிப் பாக்கு. என்னம்மா பாப்பா? என்னது, கோயில் வாசமா? துளசிய எங்கயாவது பாத்திருக்கும்.

சரி, ஒனக்கும் சந்தேகம் வந்துட்டு, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பிரிச்சுக் காட்டுதேன். ஈரத்துணியில சுத்தி, பேப்பருல கட்டி, என்னா பவுசு. இது புதினா. இந்தா பாரு, உள்ளங்கையில வச்சு நல்லாக் கசக்குதேன். சாறே வந்துட்டு. இப்பம் மோந்து பாரு. ம். ஒண்ணுமில்லலா? இது கற்பூரவல்லி. இதையும் கசக்குதேன். இந்தா.

என்ன, மொகத்தத் திருப்புத? கண்ணுல தண்ணி வருது ஒனக்கு. அவ்வளவு நெடியா?

நடிக்காத. அவ ஒனக்கு என்ன ஒறவா? அவளுக்காக நீ ஏன் நடிக்கணும்? கண்டக்டரு எதுக்கு நடிக்கணும்? அந்தச் சின்னப் பிள்ளை?

இரு. ஓந்தலையில இருக்கது என்ன பூ?

பிச்சிதான. கண்ணாலதான் பாத்துச் சொல்லுதேன். இன்னைக்குத் தொடுத்ததா? தென்காசியில பஸ் ஏறும்போது வாங்குனதா? கொஞ்சம் குனி தாயி. இன்னும் கொஞ்சம். எந் தோளுல சாஞ்சுக்கோ, தப்பில்ல.

ஒண்ணும் வரல.

பிச்சிய அவ வளக்கல. பிச்சிக்குள்ள யாரு போயி கலப்படம் பண்ணுவா? மூணு மொழம் பிச்சி வச்சிருக்க. எவ்வளவு நேரமா ஓம் பக்கத்துல உக்காந்திருக்கேன். எந் தலையில ஒரு கண்ணி வச்சா, தூக்கத்துல கூட எனக்குத் தெரியும். தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

எனக்குப் பயமா இருக்கு தாயி. கையக் குடு.

ஏழு வெளக்கு. ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு இருந்தேன். ஒரு காலு அடுக்களைக்கு உள்ள இருந்துச்சு. ஒரு காலு உள்ள.

அது என்ன ஊரு, ஆலங்குளமா? என் போனு இந்தச் சுருக்குப் பையில இருக்கு. எனக்கு எழுத்துத் தெரியல, கண்ணு மறைக்கு. ரேணுகான்னு போட்டிருக்கும், மொதப் பேரே அதுதான், அவளே போட்டு வச்சது. போட்டுக் குடு.

ஏளா. நாந்தான். இல்ல, பஸ்ஸுலதான் இருக்கேன், ஒண்ணும் ஆகல. மொதல்ல நீ அழாத.

நான் ஒண்ணு கேக்கேன், நெசத்தச் சொல்லணும். அன்னைக்குச் சொதிய வேணுமின்னுதான ஊத்துன? மழுப்பாதளா, சொல்லு. ம். பாலு கெட்டுப் போச்சா? நாத்தம் எங்க வரைக்கும் வந்துச்சு? வாசல் வரைக்குமா. மாமாவுக்குத் தெரியுமா? ம். எல்லாருக்குமே தெரியுமா. நான் ஒன்னை அத்தனை பேரு முன்னாலயும் ஏசுனனே, அப்பமாவது சொல்லியிருக்கலாம்லா. ம். ம். சரி விடு. எம் பேரு கெட்டா ஒனக்கு என்ன வந்துச்சு, கூறு கெட்டவளே.

இல்ல, தூத்துக்குடிக்குப் போகல. ஆலங்குளத்துல எறங்கி அடுத்த பஸ்ஸுல திரும்பி வாரேன். உலகுகிட்ட நீயே சொல்லிரு, வேற யாரையாவது வச்சுக்கிடட்டும். பிள்ளை தவழுதுல்லா.

அந்த டாக்டரு மூக்குத்தியக் கழத்தச் சொல்லுவாரா? கழத்துனா ஒங்கிட்டத்தான் குடுப்பேன், முந்தானையில முடிஞ்சு வச்சுக்கோ. சுடிதாருக்கு ஏது முந்தானை, என்னமோ ஒண்ணு. எங்கயும் வச்சுட்டுத் தேடாத.

இன்னொண்ணு. ஓந் தொவையலுல புளி கூட. அது நாக்குக்கே தெரியுது, அதுக்கு மூக்கு வேண்டாம்.

வை. இரு, வைக்காத. நாளைக்குக் காலையில காப்பி குடிச்சப் பொறவு அந்தத் தட்ட எடுத்துட்டு வா. நாலு இலையும் கொண்டா. கண்ண மூடிக்கிடுதேன். இத்தனை நாளும் தொட்டுத்தான் சொன்னேன். நாளைக்குத் தொடமாட்டேன்.